வெளிநாட்டுப் படிப்பும் வீசா விதிகளும்: கோப்பைக் கொடுக்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் நானுஓயாவில் இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். ஒன்று, போட்டோ பிரதி எடுக்கும் கடை. மற்றது எங்கள் வீட்டு விறாந்தை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில்தான் படிப்பித்து வருகிறேன். அதனால் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பமோ, தோட்டத்து லயத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பமோ, பிள்ளையின் அடுத்த அடி பற்றிப் பேச வேண்டும் என்றால் "சேரைக் கேட்டுப் பார்ப்போம்" என்று வந்துவிடுவார்கள்.

2023 ஆம் ஆண்டு அப்படி வந்தவர் ஒரு தகப்பன். பஜாரில் சில்லறைக் கடை வைத்திருப்பவர். "சேர், மகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போறா. நீங்க ஒரு நற்சான்றுக் கடிதம் தரணும்" என்றார். என்னிடம் படித்த பிள்ளை. கெட்டிக்காரி. மகிழ்ச்சியோடு எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் கொண்டு வந்திருந்த கோப்பையும் புரட்டினேன். வங்கிக் கடிதம், நிலையான வைப்புச் சான்றிதழ், ஆங்கிலத்தில் நிறையத் தாள்கள். எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் வீசா நிராகரிக்கப்பட்டது. வைப்புச் சான்றிதழை வங்கியில் விசாரித்திருக்கிறார்கள். அப்படியொரு கணக்கே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. ஏஜென்சிக்காரர் "ஷோ மணி நாங்க போட்டுத் தாறோம்" என்று சொல்லி ஒன்றரை இலட்சம் வாங்கிக்கொண்டு, போலித் தாளைச் செருகியிருக்கிறார். நிராகரிப்புக் கடிதத்தின் கடைசிப் பந்தியில் இருந்ததுதான் பெரிய இடி: ஏமாற்று ஆவணம் கொடுத்ததற்காக 10 ஆண்டுகளுக்குப் பிரித்தானிய வீசா கிடையாது. பிள்ளைக்கு அப்போது வயது 20. "நான் ஒரு பொய்யும் சொல்லல்ல சேர்" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோப்பில் என் கையொப்பமும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விதிகளை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். நான் சட்டத்தரணி அல்ல. ஒரு வாத்தியார் படித்து விளங்கிக்கொண்டதை மற்றப் பெற்றோருக்கும் விளங்கும்படி சொல்கிறேன். விதிகள் அடிக்கடி மாறும். ஆகவே இங்குள்ள தொகைகளை, விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசாங்கத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

வீசா எதனோடு கட்டப்பட்டிருக்கிறது?

பலர் நினைப்பது போல மாணவர் வீசா என்பது "ஒரு நாட்டுக்குள் போகும் அனுமதி" மட்டும் அல்ல. அது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடும், குறிப்பிட்ட பாடநெறியோடும் கட்டப்பட்டது. பிரித்தானியாவில் பல்கலைக்கழகம் 'சி.ஏ.எஸ்.' என்ற அனுமதி இலக்கத்தைத் தரும். அவுஸ்திரேலியாவில் 'சி.ஓ.ஈ.' என்ற சேர்க்கை உறுதி. கனடாவில் அனுமதிக் கடிதம்; அதோடு 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்களுக்கு மாகாண அரசின் உறுதிக் கடிதமும் வேண்டும். அந்தக் கயிறு அறுந்தால் வீசாவும் போய்விடும்.

இதை வரலாறு காட்டியிருக்கிறது. 2012 ஆகஸ்ட் மாதம் லண்டன் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அனுமதிப்பத்திரத்தைப் பிரித்தானிய அரசு இரத்துச் செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். வேறு பல்கலைக்கழகம் தேடிக்கொள்ள 60 நாள் என்றார்கள். பின்னர் நீதிமன்றம் தலையிட்டுத்தான், ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. அது பழைமையான, பேர் பெற்ற நிறுவனம். மாடியில் இரண்டு அறை வைத்து நடத்தும் கல்லூரிகளின் கதை என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலை, நிறுவனத்தின் பெயரைச் சரிபார்ப்பது. பிரித்தானியாவில் மாணவர்களை அழைக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசாங்கமே வெளியிடுகிறது. அவுஸ்திரேலியாவில் 'கிரிகோஸ்' பதிவேடு. கனடாவில் 'டி.எல்.ஐ.' இலக்கம் உள்ள நிறுவனங்களின் பட்டியல். மூன்றும் இலவசம், கைத்தொலைபேசியில் ஐந்து நிமிட வேலை. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு நிறுவனம்.

நிறுவனம் உண்மையாக இருந்து, கடிதம் பொய்யாக இருக்கவும் கூடும். 2023 இல் கனடாவில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகள், நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். சில வருடங்களுக்கு முன் அவர்கள் கொண்டு போன அனுமதிக் கடிதங்கள் போலி. தயாரித்தவர் முகவர்; பிள்ளைகளில் பலருக்குத் தெரியவே தெரியாது. அந்த முகவர் பின்னர் கனடாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2024 இல் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் பிள்ளைகள் இழந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது? இந்த விவகாரத்துக்குப் பிறகு, 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கல்வி நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்கிறது கனடிய அரசு. நீங்களும் அதையே செய்யலாம். பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு, பிள்ளையே எழுதிக் கேட்கட்டும்.

பணம்: எவ்வளவு, யாருடையது, எத்தனை நாள்?

நமது குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாமல் மீதியிருக்கும் தொகையோடு, வாழ்க்கைச் செலவுக்கும் பணம் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் அது லண்டனில் மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றாலும் 10,539 பவுண். ஒரு பவுண் 400 ரூபா என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் சுமார் 42 இலட்சம் ரூபா. 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் பத்து வருடக் கூலி இது. பல்கலைக்கழகக் கட்டணம் இதில் சேரவில்லை.

இங்கே மூன்று விதிகள் உண்டு. முதலாவது, அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். இருபத்தேழாம் நாள் கடைக்குச் சரக்கு எடுக்க ஐம்பதாயிரம் எடுத்து, தேவையான தொகைக்குக் கீழே இறங்கினால் விண்ணப்பம் விழுந்துவிடும். இரண்டாவது, அந்த 28 நாள் முடியும் திகதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, பணம் யாருடைய பெயரில் இருக்கலாம் என்பது. மாணவரின் கணக்கு, பெற்றோரின் கணக்கு, சட்டபூர்வ பாதுகாவலரின் கணக்கு, மணமானவர் என்றால் துணையின் கணக்கு ஆகியவைதான் செல்லும். சவூதியில் இருக்கும் மாமாவின் கணக்கு செல்லாது. கட்டாரில் இருக்கும் நானாவின் கணக்கு செல்லாது. "மாமா முழுச் செலவையும் பார்க்கிறார்" என்று கடிதம் வைத்து வீசா இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மாமா உதவத்தான் போகிறார் என்றால், அந்தப் பணம் முன்கூட்டியே பிள்ளையின் அல்லது பெற்றோரின் கணக்குக்கு உண்மையாகவே வந்து, எங்கிருந்து வந்தது என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

ரூபா விழும் ஆபத்தையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 350 ஐத் தாண்டியது. ரூபாவில் மட்டுமட்டாகப் பணம் வைத்திருந்தவர்களின் கணக்கு ஒரே இரவில் பற்றாக்குறை ஆனது. ஆகவே தேவையான தொகைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

அவுஸ்திரேலியாவில் 2024 மே முதல் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும். கனடாவில் தனி மாணவருக்கு 2023 வரை 10,000 கனடிய டொலர் போதும். 2024 இல் அது 20,635 ஆனது. 2025 செப்டெம்பர் முதல் 22,895. "என் மச்சான் பத்தாயிரம் காட்டித்தான் போனார்" என்ற கதை இன்று உதவாது.

திரும்பி வராத பணமும் உண்டு. அவுஸ்திரேலிய மாணவர் வீசாக் கட்டணம் 2024 ஜூலைக்கு முன் 710 டொலர். பிறகு 1,600. 2025 ஜூலை முதல் 2,000. நிராகரிக்கப்பட்டாலும் அது போனதுதான். பிரித்தானியாவில் வீசாக் கட்டணத்தோடு வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணமும் உண்டு. படிப்புக் காலம் முழுவதுக்கும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். நிராகரித்தால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும். வீசாக் கட்டணம் வராது.

'ஷோ மணி' பற்றி ஒரு வார்த்தை. 45 இலட்சத்தை 28 நாளைக்குக் கணக்கில் போட்டு எடுக்க ஒன்றரை இலட்சம் கேட்கிறார்கள். பெயர் "சேவைக் கட்டணம்". கணக்குப் பார்த்தால் அது வட்டியேதான், அதுவும் கடுமையான வட்டி. வட்டி வேண்டாம் என்று வங்கிக் கடனை ஒதுக்கிய வாப்பா, இதை யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பணம் உங்களுடையது அல்ல. பிள்ளை அங்கே போய் இறங்கிய முதல் மாதமே வாடகைக்கு என்ன செய்வாள்? விதி கேட்கும் தொகை அதிகாரிகளைச் சமாளிக்க வைக்கப்பட்ட தடையல்ல. பிள்ளை பட்டினி கிடக்காமல் இருக்கத் தேவையான குறைந்தபட்சப் பணம். அது இல்லை என்றால் இந்த வருடம் போக முடியாது என்பதுதான் நேர்மையான பதில்.

நான்கு தாள், மூன்று பெயர்

பெற்றோரின் கணக்கைக் காட்டினால், அவர்கள்தான் பெற்றோர் என்று பிறப்புச் சான்றிதழால் நிரூபிக்க வேண்டும். அங்கேதான் நமது பெயர்கள் சிக்கிக்கொள்ளும். பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது', அடையாள அட்டையில் 'மொஹமட்', கடவுச்சீட்டில் 'முஹம்மத்'. 'பாத்திமா'வுக்கு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'எச்' இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்கும். நமக்கு இவை எல்லாம் ஒரே பெயர். கணினிக்கு நான்கு ஆட்கள்.

தோட்டப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். பதிவாளர் காதில் விழுந்ததை எழுதிய காலம் ஒன்று இருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மலைகளில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர் ஆக்கியது. அந்தக் கதை முடிய 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பதியாமல் விட்ட பிறப்புகள், பிழையாகப் பதிந்த பெயர்கள் இன்றும் பேரப்பிள்ளைகளின் கோப்பில் வந்து நிற்கின்றன. ஒரு தாள் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எங்கள் பகுதிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இதுதான். சாதாரண தரம் எழுதும்போதே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பியுங்கள். பிறகு பரீட்சைத் திணைக்களம், பிறகு கடவுச்சீட்டு. இந்த ஒழுங்கில் செய்தால் ஒன்றை வைத்து அடுத்ததைத் திருத்தலாம். திருத்த முடியாத சிறிய வேறுபாட்டுக்கு, இரு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிப்பது வழக்கம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பிலும் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். இவற்றுக்கு மாதங்கள் ஆகும். பெறுபேறு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. அந்த அவசரத்தில்தான் "நாங்க எல்லாம் பார்த்துக்கொள்றோம்" என்பவரிடம் போய் விழுகிறோம்.

ஏன் அந்தப் படிப்பு?

அவுஸ்திரேலியா 2024 மார்ச் முதல் 'உண்மையான மாணவர்' என்ற நிபந்தனையைக் கொண்டு வந்திருக்கிறது. ஏன் இந்தப் பாடநெறி, ஏன் இந்த நாடு, இது முடித்தால் என்ன பயன் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில். ஏஜென்சி எழுதிக் கொடுத்த ஒரே பந்தி ஐம்பது விண்ணப்பங்களில் இருந்தால் அதிகாரிக்குத் தெரியாமல் போகுமா? வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, செலவு குறைவு என்பதற்காகச் சமையற்கலை டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தால் கேள்வி வரத்தான் செய்யும். பதிலைப் பிள்ளையே எழுதட்டும். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் உண்மை உண்மையாகவே இருக்கும்.

நாட்டுக்குள் நுழைந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் இப்போது பலிக்காது. 2024 ஜூலை முதல் அவுஸ்திரேலியாவில் சுற்றுலா வீசாவில் இருப்பவர் அங்கிருந்தபடி மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிரித்தானியாவில் 2023 ஜூலை முதல், படிப்பை முடிக்கும் முன் வேலை வீசாவுக்கு மாற முடியாது.

வேலை செய்து படிக்கலாமா?

செய்யலாம், எல்லையோடு. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம். பட்டத்துக்குக் கீழான படிப்பு என்றால் 10 மட்டும். அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம். கனடாவில் 2024 நவம்பர் முதல் வாரம் 24. ஜப்பானில் தனி அனுமதி பெற்று வாரம் 28. பிரித்தானியாவில் மாணவர் சுயதொழில் செய்யவே கூடாது. வேறொருவரின் கணக்கில் சாப்பாட்டுப் பொதி விநியோகிக்கும் பிள்ளைகள் உண்டு. அது விதி மீறல். பிடிபட்டால் படிப்பும் போகும்.

"அங்க போய் வேலை செஞ்சு பீஸ் கட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இருபது மணித்தியாலச் சம்பளம் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் உதவும். வெளிநாட்டு மாணவருக்கான பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கட்ட அது போதாது.

குடும்பத்தோடு போகும் வழியும் ஒடுங்கிவிட்டது. 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவில் கலாநிதிப் பட்டமோ ஆய்வு முதுமாணியோ படிப்பவர் தவிர மற்றவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தவராக அழைத்துச் செல்ல முடியாது. "மகள் ஒரு வருட முதுமாணிக்குப் போவா, மருமகனும் கூடப் போவார்" என்று கலியாணம் பேசிய குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கனடாவிலும் 2025 ஜனவரியிலிருந்து துணைவருக்கான வேலை அனுமதி பெரும்பாலும் 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுமாணி, கலாநிதி படிப்பவர்களின் துணைவருக்கே. படிப்பு முடிந்த பின் பிரித்தானியாவில் தங்கி வேலை தேட இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதம். கலாநிதிகளுக்கு மட்டும் மூன்று வருடம். இந்த வருடம் மூன்று வருடப் பட்டத்துக்குப் போகும் பிள்ளைக்குக் கிடைக்கப் போவது 18 மாதம்தான்.

இடையில் அறுந்தால்

நமது நாட்டுப் பெண் ஒருவரின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. விஷ்மா சந்தமாலி 2017 இல் மாணவர் வீசாவில் ஜப்பானுக்குப் போனார். ஜப்பானிய மொழி படிக்க, அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க ஆசை. மொழிப் பாடசாலையிலிருந்து இடையில் விலக நேர்ந்தது. வீசாத் தகுதியும் போனது. 2020 ஆகஸ்டில், கூட இருந்தவரின் கொடுமையிலிருந்து தப்பிப் பொலிசிடம் போனபோது, வீசா இல்லாமல் தங்கியிருப்பவர் என்று தடுத்து வைத்தார்கள். நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உடல் மெலிந்து, தகுந்த சிகிச்சை கிடைக்காமல் 2021 மார்ச் 6 ஆம் திகதி இறந்தார். வயது 33. அவரின் சகோதரிகள் ஜப்பானுக்குப் போய் நீதி கேட்டார்கள். அந்த மரணத்தால் எழுந்த எதிர்ப்பில், அந்த ஆண்டு கொண்டுவரப்பட்ட குடிவரவுச் சட்டத் திருத்தத்தை ஜப்பான் அரசு கைவிட வேண்டி வந்தது.

அந்த அதிகாரிகள் நடந்துகொண்ட விதத்துக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஒரு பாடம் நமக்கு உண்டு. கட்டணம் கட்ட முடியவில்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை என்றால் மறைந்து வாழக் கூடாது. அந்த நாளே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். வருகை குறைந்தால் நிறுவனம் அரசுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது. முன்கூட்டிச் சொன்னால் தவணையை ஒத்திவைக்க, வேறு பாடநெறிக்கு மாற, கௌரவமாகத் திரும்பி வர வழி இருக்கும். வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. "தோற்றுப் போய் வந்துட்டான்" என்று ஊர் பேசும் பயத்தில்தான் பல பிள்ளைகள் தொலைபேசியில் "நல்லா இருக்கேன் உம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வரலாம் என்ற வார்த்தையை விமானம் ஏறும் முன்னே பிள்ளைக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

பொய்யின் விலை

பிரித்தானியாவில் போலி ஆவணம் இருந்தால், பிள்ளைக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது என்றாலும் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். அறிந்தே ஏமாற்றியதாக அதிகாரி முடிவெடுத்தால் 10 ஆண்டுத் தடை. கனடாவில் தவறான தகவலுக்கு 5 ஆண்டு. அவுஸ்திரேலியாவில் 3 ஆண்டு. ஆள் அடையாளத்தில் பொய் என்றால் 10. அடுத்த நாட்டின் விண்ணப்பத்திலும் "இதற்கு முன் எந்த நாடாவது வீசா மறுத்ததா?" என்ற கேள்வி இருக்கும்.

குற்றம் செய்யாதவரும் மாட்டிக்கொள்வதுண்டு. 2014 இல் பிரித்தானியாவில் 'டோயிக்' ஆங்கிலப் பரீட்சையில் ஆள் மாறாட்டம் நடந்ததைத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. அரசு பல்லாயிரம் மாணவர்களைச் சந்தேகித்து வீசாக்களை இரத்துச் செய்தது. தாமே எழுதித் தேறிய பலர் வருடக் கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கித்தான் பெயரைத் துடைத்தார்கள். பரீட்சை நிலையத்தைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிராகரிப்பு வந்தால் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். பிரித்தானியத் தீர்மானம் பிழை என்று நினைத்தால் 28 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்கலாம். எங்கள் பிள்ளையின் கடிதத்தை ஏஜென்சிக்காரர் ஒரு மாதத்துக்கு மேல் தன்னிடமே வைத்திருந்தார். அந்த வாய்ப்பும் அதோடு போனது.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை

நல்ல முகவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாணவரைச் சேர்த்துவிட்டால் பல கல்வி நிறுவனங்கள் முகவருக்குத் தரகுப் பணம் கொடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதிகத் தரகு தரும் இடமே "உங்கட பிள்ளைக்குப் பொருத்தமான இடம்" ஆகிவிடலாம். ஐந்து நிபந்தனை வையுங்கள். விண்ணப்பத்துக்குப் பிள்ளையின் சொந்த மின்னஞ்சல்தான் கொடுக்கப்பட வேண்டும். கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்க வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு தாளின் பிரதியும் அனுப்பும் முன் வேண்டும். பல்கலைக்கழகக் கட்டணம் நேரே பல்கலைக்கழகக் கணக்குக்கு, உங்கள் வங்கியின் மாணவர் கோப்பு ஊடாகப் போக வேண்டும். கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். "வீசா நிச்சயம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். வீசாவை நிச்சயமாகத் தர எந்த முகவராலும் முடியாது.

வேறு கதவுகள்

எல்லாரும் மேற்கே போக வேண்டும் என்றில்லை. மலேசியாவில் செலவு குறைவு. ஆனால் அங்கும் விதி உண்டு: 'ஈ.எம்.ஜி.எஸ்.' நிறுவனம் ஊடாக வீசா ஒப்புதல் கடிதம் வந்த பிறகே பயணம். வேலை, ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரம் 20 மணித்தியாலம், அதுவும் உணவகம், எரிபொருள் நிலையம் போன்ற சில இடங்களில். இந்தியாவில் இலங்கை மாணவருக்கென்றே இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் அவற்றில் ஒன்று. நீண்டகால மாணவர் வீசாவில் போனால் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். எங்கே படித்தாலும், திரும்பி வந்தால் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முதலிலேயே கேளுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கே பணியாற்ற, இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் தேற வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கண்டி நிலையத்துக்குப் போய் வருகிறாள். வாப்பாவின் கடையில் கணக்கும் பார்க்கிறாள். 2033 வரை அந்தத் தடை அவள் பெயரில் இருக்கும். போன மாதம் விறாந்தைக்கு வந்தாள். கையில் தம்பியின் தாள்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு, வாப்பாவின் கடவுச்சீட்டு. நான்கிலும் மூன்று எழுத்துக்கூட்டல். தம்பிக்கு உயர்தரம் எழுத இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

"இப்பவே திருத்திடுவோம் சேர்" என்றாள்.

அன்று நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் மேலே எழுதியவை. உங்கள் பிள்ளையின் கோப்பு உங்கள் கையில் வரும்போது விளங்காத தாள் ஒன்று இருந்தால், விளங்கவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். விளங்கிய பிறகு கையொப்பமிடுங்கள்.